பதினாலு நாளில் தானாகப் போய்விடும்

ஒருவரை வேண்டாம் என்று சொல்லாமலே வெளியே நிறுத்திவைக்க ஒரு வழி இருந்தது. 2008-ஆம் வருஷம் புரட்டாசி வரைக்கும் பிருந்தா அதை ஒரு வசதி என்றுதான் நினைத்திருந்தாள். அவள் நடத்திய இணையக் குழுவில் சேர யாராவது விண்ணப்பித்தால், நிர்வாகிகள் மூன்று பேரில் ஒருவர் ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்திலேயே ‘நிராகரி’ என்று இன்னொரு பொத்தான் உண்டு. அதை அவர்கள் ஒருநாளும் தொட்டதில்லை, தொட வேண்டிய தேவையும் வந்ததில்லை. இரண்டையும் அழுத்தாமல் பதினாலு நாள் சும்மா இருந்தால் விண்ணப்பம் தானாகவே காணாமல் போய்விடும். கையில் அழுக்குப் படாது, யாருக்கும் கெட்ட பெயர் கிடையாது. இப்படி ஒரு சௌகரியத்தை எவன் யோசித்து வைத்தானோ, அவன் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

குழுவுக்கு ‘சர்க்கரைக் குட்டிகள்’ என்று பெயர். வைத்தவள் பிருந்தாதான். இப்போது அதைச் சொல்லவே அவளுக்கு நாக் கூசுகிறது. பழங்காநத்தத்தில் வீடு, பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலை. மகன் பாலகணேஷுக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் பிள்ளை உயிரோடு இருக்கும் என்கிற வகை. முதல் ஊசியைப் போட்ட அன்றைக்குப் பிள்ளையை விட அவள்தான் அதிகம் அழுதாள். சந்தேகம் கேட்க ஒரு நாதி இல்லை. அந்தத் தவிப்பு இன்னொரு தாய்க்கு வரக்கூடாது என்றுதான் குழுவைத் தொடங்கினாள். கேள்வியை எழுதிப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள்.

முகப்பில் ‘சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் வரலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். மூன்று வருஷத்தில் நாற்பத்து மூன்று குடும்பம் வந்தது. முக்கால்வாசி அவளுடைய சௌராஷ்டிர சொந்தபந்தம். மிச்சம், அவர்களோடு பழகத் தோதான டாக்டர் வீடு, வக்கீல் வீடு, மில் முதலாளி வீடு. ‘அனைவரும்’ என்ற சொல் முகப்பில் பாட்டுக்கு இருந்தது. அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம் நடக்கும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டில்தான் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, இத்தனை கரண்டி சோறு, இத்தனை கரண்டி பருப்பு என்று அளந்து போட்டு, சாப்பாட்டுக்குத் தக்கபடி ஊசி போடப் பழக்குவார்கள். நல்ல வழக்கம்தான். கடைசியில் அந்த நல்ல வழக்கத்தில்தான் எல்லாம் வந்து முட்டிக்கொண்டது.

அந்த விண்ணப்பம் ஒரு திங்கட்கிழமை வந்தது. பெயர் தமிழ்வாணி. ஊர் திருவாதவூர், காலனித் தெரு. மேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

‘என் மகள் இலக்கியாவுக்கு ஏழு வயசு. சுகர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல, தகரக் கூரை. ஊர்க் கடையில ஃப்ரிட்ஜ் இருக்கு, ஆனா எங்க பிள்ளை மருந்த அதுல வைக்க விட மாட்டாங்க. இன்சுலின எப்படிக் கெடாம வைக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.’

பதில் குழுவின் கோப்புப் பகுதியில் தயாராக இருந்தது. அதை எழுதியவளும் பிருந்தாவேதான். ஆனால் உறுப்பினர்கள் மட்டுமே அதைத் திறக்க முடியும். அனுமதிப் பொத்தான் கண்ணெதிரே இருந்தது. மூன்று பேரில் யார் அழுத்தினாலும் செல்லும். ஆனால் கலந்து பேசித்தான் அழுத்துவது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. பிருந்தா மவுஸை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

மற்ற இரண்டு நிர்வாகிகளும் திருநகர்வாசிகள். ராஜாராம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனுக்காகச் சேர்ந்தவர். சுந்தரவல்லி, ஜவுளிக்கடைக்காரர் மனைவி. அவளுடைய மூத்த பெண்ணுக்கு நோய்.

“படிச்சேம்மா, ரொம்பப் பாவமா இருக்கு” என்றார் ராஜாராம். “மேலூர் பிராஞ்சுல நம்ம பழைய ஆளு ஒருத்தர் இருக்காரு. ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிறேன்.”

“என்ன சார் விசாரிக்கணும்? பிள்ளைக்கு சுகர் இருக்கா இல்லையான்னா?”

“ஜென்யூனான்னு பாக்கணும்ல? நம்ம பொம்பளைங்க போன் நம்பரெல்லாம் அதுல கெடக்கு.”

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “விசாரிச்சிட்டேன். ஜென்யூன்தான். பொண்ணு பி.காம். படிச்சிருக்கு, நல்ல மாதிரியாம். புருஷன் சிவபாண்டி, லோடு வண்டி ஓட்டுறான், குடி கெடையாதாம். ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் நம் ஊரில் யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. “காலனிம்மா” என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார், பக்கத்தில் கைக்குழந்தை தூங்குவதுபோல.

சுந்தரவல்லிக்கு அப்படித் தயக்கமெல்லாம் இல்லை. “எனக்கு ஒண்ணுமில்ல பிருந்தா. என் வீட்டுக்கு வந்தா சோறு போடுவேன், நல்லாவே போடுவேன். அவங்க முறை வரும்போது நாம அங்க போயி சாப்பிடணுமே, அதை யோசிச்சியா? எங்க மாமியார் காதுக்குப் போச்சுன்னா குரூப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னுருவாங்க.”

“அப்ப மெயில்ல மட்டும் இருக்கட்டுமே. கூட்டத்துக்குக் கூப்பிட வேணாம்” என்றாள் பிருந்தா.

சொல்லி முடித்ததும் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வாசலுக்குள் விடு, பந்தியில் விடாதே என்றுதானே அதற்கு அர்த்தம்? பெருந்தன்மையாகப் பேசுகிற நினைப்பில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அதையே ராஜாராமிடம் சொன்னபோது அவர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. “ஒருத்தருக்கு ஒரு ரூல், இன்னொருத்தருக்கு ஒரு ரூலுன்னு வைக்கலாமா? எல்லாரும் சமம்னு சொல்லித்தானே நடத்துறோம்? அது தப்பும்மா” என்றார். சமத்துவத்தைக் காப்பாற்றுவதற்காகவே அவளைச் சேர்க்கக் கூடாது என்கிறார். நேர்மையான குரல் வேறு. “வேணாம்னு நாம ஏன் சொல்லணும்? பதினாலு நாள்ல தானாப் போயிரும். அதுக்குள்ள அந்தப் பொண்ணும் வேற எங்கயாவது கேட்டுத் தெரிஞ்சுக்கும்.”

பிருந்தா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தினமும் பாலிடெக்னிக் விட்டு வந்து காத்திருப்போர் பக்கத்தைத் திறப்பாள். ‘இன்னும் பதினொரு நாள்’ என்று காட்டும். மூடிவிடுவாள். மறுநாள் ‘இன்னும் பத்து நாள்.’ மனசுக்குள் அவர்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பாள். திட்டுவதே ஏதோ ஒரு காரியம் செய்ததுபோல இருந்தது.

பதிமூன்றாம் நாள், ‘நாளையோடு முடிகிறது’ என்று அந்த இணையதளமே நிர்வாகிகளுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பியது. ராஜாராமுக்கு ஒரு சின்ன பயம் வந்துவிட்டது, கடைசி நேரத்தில் பிருந்தா அழுத்திவிடுவாளோ என்று. அந்த நினைவூட்டலுக்கே ‘பதில்’ என்பதை அழுத்தி, மற்ற இருவர் முகவரியையும் சேர்த்து, ஒரு பக்கத்துக்கு எழுதினார். ‘இவரைச் சேர்த்தால் குழுவின் ஒற்றுமை கெடும், நம் வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம், எனவே கண்டிப்பாகக் கூடாது’ என்று.

அந்தக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: இதற்குப் பதில் அனுப்பினாலே அனுமதித்ததாகும். பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரம் பார்க்காது. முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவர் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. அவர் கூடாது என்று எழுதி அனுப்பிய அந்த நிமிஷமே தமிழ்வாணி குழுவுக்குள் வந்துவிட்டாள்.

பிருந்தா தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், தன்னால் ஆகாத காரியத்தை அவருடைய கவனக்குறைவு செய்துவிட்டதே என்று கூச்சமாக இருந்தது.

மறுநாள் தமிழ்வாணியின் முதல் கடிதம் வந்தது. ‘எல்லாருக்கும் வணக்கம். சேத்துக்கிட்டதுக்கு நன்றி. இன்சுலின் வைக்கிற விஷயம் இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். இனி யாருக்காச்சும் என்னால உதவின்னா சொல்லுங்க.’

புதிதாக யார் வந்தாலும் இருபது பேராவது நல்வரவு சொல்வார்கள், பூப்படம் அனுப்புவார்கள். இந்தத் தடவை ஒரு ஈ காக்கை இல்லை. மேலூர் விசாரணை அதற்குள் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிருந்தா மட்டும் ‘நல்வரவு’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பினாள்.

உடனே நீக்கிவிட வேண்டும் என்று ராஜாராம் குதித்தார். “இப்பவே எடுத்தா அசிங்கமா இருக்கும், ஒரு வாரம் போகட்டும்” என்றாள் சுந்தரவல்லி. அவளுக்கு அசிங்கம் எது என்பதில் ஒரு கணக்கு இருந்தது.

அந்த ஒரு வாரத்துக்குள்தான் திருநகரில் மின்மாற்றி வெடித்தது. அந்த வருஷம் ஏற்கெனவே தினம் ஆறு மணி நேரம் மின்வெட்டு. புரட்டாசி வெயில் வேறு சித்திரை வெயிலாகக் காய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் வர இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள். சுந்தரவல்லி பழங்காநத்தத்தில் உள்ள அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து குழுவில் எழுதினாள்: ‘ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டது. மூன்று மாத இன்சுலின் உள்ளே இருக்கிறது. கெட்டுப்போகுமா? அவசரம். யாராவது சொல்லுங்கள்.’

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. எழுதியவள் தமிழ்வாணி. ‘அக்கா, பயப்படாதீங்க. பெரிய மண்பானை ஒண்ணு, சின்னது ஒண்ணு வாங்குங்க. பெருசுக்குள்ள மணலப் போட்டு நடுவுல சின்னத வைங்க. மணல்ல காலைலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துங்க. இன்சுலின டப்பாவுல போட்டு, தண்ணி படாம சின்னப் பானைக்குள்ள வச்சு, ஈரத்துணியால வாயக் கட்டுங்க. காத்தோட்டமான நிழல்ல இருக்கணும். எங்க வீட்டுல இப்படித்தான் வச்சிருக்கேன்.’

அன்றைக்குச் சாயந்தரமே விளாச்சேரியில் பானை வாங்கத் திருநகர்க் கார்கள் வரிசையாக நின்றன. மருந்து கெடவில்லை. தமிழ்வாணியின் பெயரைச் சொல்லி ஒருவரும் நன்றி எழுதவில்லை. சனிக்கிழமை காலை ராஜாராம் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்.

மறுநாள் கூட்டம் அவர் வீட்டில்தான். சமையல்கட்டு ஜன்னலோரம் பானை இருந்தது. அதற்குக் கோலமெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இருக்கிறது என்று வியந்தார்கள். ராஜாராம் இரண்டு பக்கம் அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். தலைப்பு: ‘பானை முறை — தொகுத்தவர் ராஜாராம்.’

“இது தமிழ்வாணி சொன்னதுல்ல சார்? அவங்க பேரு எங்க?” என்று கேட்டாள் பிருந்தா.

“குரூப்ல இல்லாதவங்க பேர எப்படிம்மா போடுறது?” என்றார் அவர், உண்மையாகவே புரியாத முகத்தோடு.

பிருந்தா அந்தத் தாளைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பாலகணேஷுக்கு அப்போதுதான் ஊசி போட்டிருந்தது. போட்ட ஊசிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மயங்கிவிடுவான். மகன் அந்த வீட்டுச் சோற்றை அளவாக உண்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எல்லோரும் நல்ல மனிதர்கள். கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். அந்த உபசாரம்தான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாத முறை பிருந்தாவுடையது. திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாள். தமிழ்வாணி வீட்டிலேயே அந்தக் கூட்டத்தை நடத்துவது, வருகிறவன் வரட்டும், வராதவன் தொலையட்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். திருவாதவூரில் இறங்கிக் காலனியை விசாரித்தபோது, வழி சொன்ன கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

தமிழ்வாணி அன்று வேலைக்குப் போகவில்லை. வந்தவள் யாரென்று தெரிந்ததும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “வாங்கக்கா, ஒக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பிருந்தா வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

“மெதுவாக் குடிங்கக்கா” என்றாள் தமிழ்வாணி. “குடிக்கிறீகளா இல்லையான்னு நான் ஒண்ணும் பாத்துக்கிட்டு இல்ல.”

பிருந்தாவுக்குக் காது சுட்டது. அந்தச் சூட்டோடு, பதினாலு நாள் விஷயத்தையும் மற்ற இரண்டு நிர்வாகிகள் பேசியதையும் தன் திட்டத்தையும் சொன்னாள்.

தமிழ்வாணி முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “என் வீட்ட வச்சு உங்க ஆளுகளுக்குப் பரிச்ச வைக்கப் போறீகளாக்கா? வராதவுக யாரு, வந்தும் திங்காதவுக யாருன்னு நான் வாசல்ல நின்னு எண்ணணுமா? எனக்கு எதுக்கு அந்தப் பொழப்பு?”

“இல்ல, உங்களுக்கு ஒரு நியாயம்...”

“எழுதிப் போட்டு ஒம்பதாம் நாளு” என்று தமிழ்வாணி தன் போக்கில் ஆரம்பித்தாள், “வெயிலு தாங்கல. மீன்காரர்ட்ட ஐஸ் வாங்கி, பாட்டில அதுக்குள்ள பொதச்சு வச்சேன். மருந்து கட்டியா ஒறஞ்சிருச்சு. உருகுனாச் சரியாயிரும்னு நெனச்சு அதையே போட்டேன். மூணாம் நாளு பிள்ளைக்கு மேமூச்சு வாங்குது. பெரியாஸ்பத்திரில நாலு நாளு கெடந்தா. அங்க ஒரு நர்ஸம்மாதான் பானை வைக்கச் சொன்னாக. பிள்ளை கட்டில்ல கெடக்கையிலதான் ‘சேத்தாச்சு’ன்னு உங்க மெயிலு வந்திருக்கு. நான் கடைக்கு ஓடி, சம்பளத்த வாங்கிக்கிட்டு, அப்பத்தான் பாத்தேன். உங்க கோப்பத் தொறந்தா மொத வரியே அதுதான்.”

பிருந்தாவுக்கு அந்த வரி மனப்பாடம். ‘இன்சுலினை ஐஸோடு ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்தால் மருந்து செத்துவிடும்.’ கீழே அவள் பெயர்.

“சேக்குற பட்டனு அவுகளுக்கு மட்டுந்தானாக்கா? உங்களுக்கும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

தமிழ்வாணி தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பிருந்தாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்த இலக்கியா, கதவோரம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய இடம் கையில் இன்னும் கன்றிப்போயிருந்தது. பிருந்தா பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் பட்டைகள் இரண்டு டப்பா எடுத்து வைத்தாள்.

“இத வேணாங்க மாட்டேன், பிள்ளைக்கு ஆகும்” என்று தமிழ்வாணி எடுத்துக்கொண்டாள். “குரூப்புக்கு வரலக்கா. ஆஸ்பத்திரியில பழகுனவுக நாங்களே எட்டுப் பேரு இருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்கிறோம், அது போதும்.” வாசல் வரை வந்தவள், திடீரென்று நினைத்துக்கொண்டு கேட்டாள்: “எனக்கு முன்னாடி இப்பிடி எத்தன பேருக்கா தானாப் போனாக?”

“தெரியல” என்றாள் பிருந்தா.

உண்மையாகவே தெரியவில்லை. காலாவதியான விண்ணப்பங்களை அந்த இணையதளம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் வந்த அன்றைக்கு அவளுக்கும் ஒரு கடிதம் வந்திருக்குமே? வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பழைய கடிதங்களைத் தேடினாள். தமிழ்வாணிக்கு முன்னால் பதினொரு பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒருத்தி பூ கட்டுகிறவள். ஒவ்வொருவருக்கும் அப்போது ஏதோ ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள்: போன் நம்பர் சரியில்லை, எழுத்து முரடாக இருக்கிறது, நமக்கு ஒத்துவராது. ஒவ்வொன்றுக்கும் பிருந்தா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காசிமாயன் என்பவர் போன வருஷம் வைகாசியில் எழுதியிருந்தார்: ‘பையனுக்கு 5 வயசு. ஊசி போட்ட பிறகு சில நாள் வேர்த்துக் கொட்டி மயங்கிருறான். அந்த நேரம் என்ன கொடுக்கணும். தெரிஞ்சவங்க சொல்லவும்.’ பதில் ஒரே வரி. ஊசி போடுகிற எந்தத் தாய்க்கும் தெரிந்த வரி. உடனே இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, நினைவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

யாரையும் கேட்காமல் அனுமதி முறையையே எடுத்துப் போட்டாள். பதினொரு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு, கோப்புகளை இணைத்து, தனித்தனியாக எழுதினாள். வாசலைத் திறந்துவிட்ட இரண்டாம் நாளே ராஜாராம் வேறொரு குழு தொடங்கினார். முப்பத்தாறு குடும்பம் அங்கே போய்விட்டது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பதினொரு பேரில் ஒரே ஒருவர்தான் பதில் போட்டார்.

‘மேடம், நன்றி. இப்பத் தேவைப்படல. காசிமாயன்.’

அவ்வளவுதான். ஏன் தேவைப்படவில்லை? நோய் குணமாகிற நோய் இல்லை. வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம், நல்ல டாக்டர் கிடைத்திருக்கலாம். பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்காகப் பிருந்தா தினமும் அந்தக் கடிதத்தைத் திறந்தாள். திறந்து, பார்த்து, மூடினாள். பதினாலு நாள் போயிற்று. அதற்கப்புறமும் அவள் கேட்கவில்லை.